குளிரறைப் பதிவகம்

“இந்த ஒப்பந்தத்திலிருந்து விலக உனக்குச் சம்மதமா?”

புயலன்று பதிவாளர் அம்மா தையல்நாயகியிடம் இப்படித்தான் கேட்டாள். கேட்டபோது இறால் கொட்டகைக்குள் தண்ணீர் தொடைவரை ஏறியிருந்தது. கூரைத் தகடு ஒன்று கழன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. சுவரில் பதித்திருந்த ஒலிபெருக்கியிலிருந்து வந்த அந்தக் குரல், கல்யாணப் பத்திரிகையை வாசிப்பதுபோல ஒரு சொல்லையும் விடாமல் கேட்டது. சட்டம் அப்படி. ஒப்பந்தக்காரியை விடுவிக்க வேண்டுமானால் அவள் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அவள் தன் வாயாலேயே பதில் சொல்ல வேண்டும். கடலே உள்ளே வந்தாலும் அதில் மாற்றமில்லை.

“சம்மதமான்னு கேக்குற நேரமாடி இது? எழுதித் தொலைடி! கதவத் தொற!” என்று கத்தினாள் தையல்நாயகி.

கதவு திறந்தது.

பிறகு அடுத்தவள் பெயர். அடுத்த கேள்வி. பதில். கதவு. இப்படி ஒவ்வொருத்தியாக வெளியே விட்டுவிட்டுத்தான் அந்தக் குரல் நின்றது. பெண்கள் ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்துக்கொண்டு சவுக்குத் தோப்புத் திட்டில் போய் ஏறினார்கள். கருவைத்துறையில் அன்று தண்ணீர் ஏறாமல் நின்றது அந்தத் திட்டு மட்டும்தான். கரைப் பதிவகக் கட்டிடம் இடிந்துவிட்டது. பதிவாளர் ஃபிலோமினா அதற்குள்ளேயே இருந்தாள்.

கரைமுத்து இறால் கம்பெனியில் சேர்ந்த நாளிலேயே மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டிவிடுவார்கள். கதவு பட்டையைப் பார்க்கும். பட்டைக்காரி யார் என்று பதிவகத்தைக் கேட்கும். ‘ஒப்பந்தத்தில் இருக்கிறாள்’ என்று பதிவகம் சொன்னால் உள்ளே வருவதற்குக் கதவு திறக்கும். வெளியே போவதற்குத் திறக்காது. காவலாளி தேவையில்லை, அடிதடி தேவையில்லை. பதிவகம் ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லை மாற்றும் உரிமை இரண்டு பேருக்குத்தான் உண்டு: கம்பெனிக்கு எப்போதும், பதிவாளருக்கு ஆபத்துக் காலத்தில் மட்டும்.

தண்ணீர் வடிந்ததும் பெண்கள் முதலில் போனது பதிவாளர் அம்மாவைத் தேடித்தான். அவளைச் சேற்றிலிருந்து எடுத்துத் துணி போர்த்தினார்கள். அவளுக்குப் பக்கத்தில், கவிழ்ந்து கிடந்த இரும்பு அலமாரிக்குள் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதன் நெற்றியில் ஒரு சிறு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

“நம்ம பேரெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு” என்றாள் வேம்பு.

அதை அப்படியே விட்டுவிட்டு வர யாருக்கும் மனம் வரவில்லை. பதிவகத்துக்குக் கைரேகை வைக்கப் போன அன்றெல்லாம் அந்த அறை குளிர்ந்து கிடந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆக, பெட்டிக்குக் குளிர் வேண்டும். கரண்டும் வேண்டும். சுற்று வட்டாரத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த இடம் ஒன்றுதான். குளிரறை இருந்த இடமும் ஒன்றுதான். பெட்டியைத் தீவனச் சாக்கில் சுற்றி, முறை வைத்துத் தலையில் சுமந்து, எந்தக் கொட்டகையிலிருந்து உயிர்தப்பி ஓடினார்களோ அதே கொட்டகைக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். கதவு பணிவாகத் திறந்து வழிவிட்டது.

பெட்டியை ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்து, கம்பியைச் செருகிவிட்டு, ரெஜினா புயலில் காணாமல்போன தன் மகனைத் தேட வெளியே கிளம்பினாள். கதவு திறக்கவில்லை.

தாங்கள் செய்த தவறு அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது.

மலையோரத்து மேட்டுப் பதிவகத்திலிருந்து மாதேஷ் வந்தபோது பெண்கள் குளிரறை வாசலில் உட்கார்ந்து இறால் தின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே அடைபட்டதிலிருந்து அவர்கள் ஓர் இறாலைக்கூடக் கம்பெனிக்காக உரிக்கவில்லை. தங்களுக்காக உரித்து, ஐஸ் உடைக்கும் தகரத்தில் போட்டு வேகவைத்துத் தின்றார்கள். மேனேஜர் கோதண்டம் முதல் நாள் மிரட்டினார், அடுத்த நாள் கெஞ்சினார். அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பதிவக இயந்திரத்தை வெளியாள் தொட்டால் ஜெயில். ஜெனரேட்டரை நிறுத்தலாம் என்றால், பக்கத்து அறையில் ஏற்றுமதிக்கு வைத்திருந்த சரக்கெல்லாம் நாறிவிடும். கடைசியில் மேட்டுப் பதிவகத்துக்கு எழுதி ஆளை வரவழைத்தார்.

“இவருதான் சார் மேட்டுலேருந்து வந்திருக்கார். எழுந்திரிங்க எல்லாரும். வழிய வுடுங்க” என்றார் கோதண்டம்.

யாரும் எழுந்திருக்கவில்லை. வந்தவன் இளைஞன். தோளில் ஒரு பை, கையில் கனமான ஒரு பெட்டி. மலையோரத்து ஆள் என்பது அவன் உப்புக்காற்றில் கண்ணைச் சுருக்கியதிலேயே தெரிந்தது. பெண்களைத் தாண்டிக் குளிரறைக்குள் எட்டிப் பார்த்தவன் பதறிவிட்டான்.

“ஐயோ, யாருக்கா இதை ஐஸுக்கு நடுவுல வெச்சது?”

“நாங்கதான் தம்பி. கெட்டுப்போவக் கூடாதுல்ல” என்றாள் தையல்நாயகி.

“இது இறால் இல்லக்கா! வேர்த்து ஊத்துது பாருங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா துருப்பிடிச்சே செத்திருக்கும்.”

“நாங்க என்னத்தக் கண்டோம்? குளுருன்னா இந்தக் குளுருதான் எங்களுக்குத் தெரியும்.”

அவன் சிரித்துவிட்டான். பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்து, கைக்குட்டையால் ஒவ்வொரு துளியாகத் துடைத்தான். எடுத்துக் கொடுத்தவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துச் சாட்சிக் கைரேகை வைக்க வேண்டும் என்பது விதி என்றான். தையல்நாயகி, ரெஜினா, வேம்பு மூவரும் உள்ளே வரலாம். மேனேஜர் வரக் கூடாது. கோதண்டம் வாசலோடு நின்றார். நிற்க வைக்கப்பட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

“சீக்கிரம் முடிங்க சார். டீ ஆறுது.”

“நீங்களே குடிங்க சார்” என்றாள் வேம்பு. “நாங்க வேலைக்கு வந்ததுலேருந்து எங்களுக்கு ஆறுன டீதான்.”

தையல்நாயகி மாதேஷின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மேட்டோடு பேசக் கூரைமேல் ஒரு சிறு அலைவாங்கித் தட்டை நிறுத்தி, அதிலிருந்து கம்பியை இழுத்து வந்து மேசையோரம் வைத்தான். பெட்டியில் மாட்டவில்லை.

“தம்பி, இப்ப நீங்க என்னா பண்ணப் போறீங்க? எங்களுக்குப் புரியறாப்ல சொல்லுங்க.”

அவன் ஒரு மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

“இந்தப் பொட்டிதான் மெயின் சர்வர். மேட்ல நான் பாத்துக்கறது ஸ்டாண்ட்பை. இங்க ஒரு வரி எழுதினா, அதே வரி கம்பி வழியா அங்க வரும். அது சொந்தமா எதையும் எழுதாது. இது சொல்றதக் கேட்டுக் கேட்டு எழுதிக்கும், அவ்ளோதான். ஒருநாள் இது செத்துப்போனா, அது எழுந்து இந்த எடத்துல உக்காரும்.”

“மூத்தவ செத்தா எளையவ குடும்பத்தப் பாத்துக்கற மாதிரி” என்றாள் வேம்பு.

“அப்படித்தான் வெச்சுக்கங்களேன். புயல்ல கம்பி அறுந்துபோச்சு. கரையோட சத்தமே இல்ல. சரி, கரை போயிருச்சுன்னு நெனச்சு மேடு மெயினா மாறிக்கிச்சு. ஆனா கரை சாகல. கம்பி அறுந்தப்புறமும் இது எழுதிட்டே இருந்திருக்கு.”

“எளையவ தாலி கட்டிக்கிட்டு வந்துட்டா. மூத்தவ இஞ்ச ஐஸுல குந்தியிருக்கா” என்றாள் வேம்பு. வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

தையல்நாயகி சிரிக்கவில்லை. “பதிவாளரம்மா எங்கள விடுவிச்சது கம்பி அறுந்துபோறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடி.”

“அப்ப அது மேட்டுக்கு வரல.”

“வரலக்கா. மேட்டுக்கு நீங்க இன்னும் ஒப்பந்தத்துல இருக்கீங்க. கதவு இப்ப மேட்டத்தான் கேக்குது.”

“நீங்க வந்தது?”

“ரெண்டும் ஒண்ணாப் பேசணும். அதுக்கு இதைப் பின்னாடி சுத்தணும். ரெண்டும் எங்க பிரிஞ்சுதோ அந்த எடம் வரைக்கும் இதுல இருக்கறத அழிச்சிட்டு, அதுக்கப்புறம் மேடு சொல்றத இது கேட்டு எழுதிக்கும். இனிமே அது மெயின், இது ஸ்டாண்ட்பை.”

“அழிச்சிட்டுன்னா?”

மாதேஷ் அவளை நேராகப் பார்க்கவில்லை. “நீங்க சம்மதம்னு சொன்னது நடக்கவே இல்லன்னு ஆகும்.”

வாசலில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. கோதண்டம் மட்டும், “சார், அதெல்லாம் இவங்களுக்கு எதுக்கு? வேலையப் பாருங்க” என்றார்.

தையல்நாயகிக்குக் கைவிரல்கள் எரிந்தன. இறால் தண்ணீர் தின்று தோல் போன விரல்கள், கோபம் வந்தால் எரியும். தொடையளவு தண்ணீரில் நின்று தான் கத்தியது, ஒரு பெண் செத்துப்போகும் நேரத்தில் அதைக் கேட்டு எழுதியது, இரண்டும் நடக்கவே இல்லையாம். நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்க ஒரு கம்பி போதுமாம்.

“சரி. அந்த இன்னொரு பொட்டி எதுக்கு?” என்று அவன் கொண்டுவந்த கனமான பெட்டியைக் காட்டிக் கேட்டாள்.

“இது தண்ணில செத்திருக்கும்னு நெனச்சோம். செத்திருந்தா இதுக்குப் பதிலா அதை ஸ்டாண்ட்பையா வெச்சுட்டுப் போறதுக்கு. அதுக்கும் அரசாங்க முத்திரை உண்டு.”

“எதுக்கு அவ்வளவு அவசரமா ஸ்டாண்ட்பை? மேடுதான் நல்லா இருக்குல்ல?”

“ஒத்த எடத்துல இருக்கற பதிவு நிக்காதுக்கா. சட்டம். முத்திரை வெச்ச ரெண்டு இயந்திரம் ஒரே மாதிரி சொன்னாத்தான் அது உறுதி. ஒத்தை சொன்னா அது தற்காலிகம்.”

“அப்ப மேடு இப்ப ஒத்தையா?”

மாதேஷ் தான் கொண்டுவந்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“இதுவும் ஒத்தை. அதுவும் ஒத்தை. ரெண்டும் வேற வேற சொல்லுது” என்றாள் தையல்நாயகி மெதுவாக. “இதுல இருக்கறத அந்தப் பொட்டிக்கு நகல் எடுத்தா, நம்ம பக்கம் ரெண்டு ஆயிடும்.”

அவன் கைக்குட்டையைப் பிழிந்தான். பிழிய அதில் ஒன்றும் இல்லை.

“எனக்கும் தோணுச்சுக்கா. வர்ற வழியெல்லாம் அதை நெனக்காம வரணும்னுதான் பாத்தேன்.”

“நெனச்சா என்னா?”

“அப்படிப் பண்ணா, பிரிஞ்சதுக்கப்புறம் இந்த ஜில்லாவுக்காக மேட்ல எழுதினதெல்லாம் போயிரும். நெறைய பேருக்குப் பொறப்பு, கல்யாணம், வீடு மாத்தினது…”

“அவங்கல்லாம் மறுபடி போய்ச் சொல்லிக்கலாம் தம்பி. அவங்களுக்குக் கதவு தெறக்கும். நாங்க யாருகிட்ட போய்ச் சொல்றது?”

கோதண்டம் வெளியே போனில் யாரிடமோ, “நடந்துக்கிட்டே இருக்கு சார், ஆயிடும் சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. வெளியே காயலின் மேல் ட்ரோன்கள் இரைந்துகொண்டிருந்தன. காணாமல்போனவர்களைத் தேட அரசாங்கம் விட்ட ட்ரோன்கள் அவை. அலையாத்திக் காட்டின் மேல் போவதும் திரும்புவதுமாக இருந்தன.

“ஒண்ணு பண்ணலாம்” என்றான் மாதேஷ். “எதைச் செய்யறதுக்கு முன்னாடியும் இதுல என்ன இருக்குன்னு படிக்கணும். அது என் வேலைதான். படிக்கிறேன்.”

பெட்டியில் ஒரு சிறு திரையை மாட்டினான். வரிகள் வந்தன. ஒவ்வொரு விடுவிப்புக்கும் கூடவே குரலும் பதிவாகியிருந்தது. முதலில் காற்று இரைந்தது. தகடு அடித்தது. பிறகு ஃபிலோமினாவின் குரல். அதற்குப் பின்னால், “எழுதித் தொலைடி! கதவத் தொற!”

கொட்டகையே அதிர்ந்தது சிரிப்பில். “அரசாங்கப் பதிவுல ஏறியிருக்குடி உன் வாயி!” என்று வேம்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “எந்தக் காலத்துலயும் அழியாது!”

“அழிக்கத்தான் அனுப்பியிருக்காங்க” என்றாள் தையல்நாயகி.

அடுத்த குரல், அடுத்த குரல் என்று மாதேஷ் ஓடவிட்டான். அழுதவள், ‘ஆமாம்மா ஆமாம்மா’ என்றவள், மாதாவைக் கூப்பிட்டவள். தத்தம் குரல் வந்தபோது பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டார்கள். மாதேஷ் மட்டும் குனிந்தே இருந்தான்.

“அன்னிக்கு நான் மேட்ல திரை முன்னாடிதான் உக்காந்திருந்தேன். கடைசி வரி ஒண்ணு வந்துச்சு. அப்புறம் வரல. இங்க இவ்வளவு பேர் பேசிட்டு இருந்தீங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல.”

விடுவிப்பு வரிகள் முடிந்தன. ஆனால் அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அவன் கவனிக்காமல் அதையும் ஓடவிட்டுவிட்டான்.

ஃபிலோமினாவின் குரல் இப்போது மூச்சு வாங்கியது. “இறப்பு. அந்தோணி மகன் அருளப்பன். வடக்கு இறால் குட்டைக் காவல். கரை உடைந்து நீரில் போனதாகக் குட்டை மேஸ்திரி போனில் தெரிவித்தது. அவர் கண்ணால் கண்டது. பதிவு செய்கிறேன்.”

அதோடு எல்லாம் நின்றது.

அருளப்பன், ரெஜினாவின் ஒரே மகன்.

ரெஜினா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கொட்டகையில் எல்லோரையும்விட வயதில் மூத்தவள், வாயிலும் மூத்தவள். கப்பல் மாலுமியையே திட்டி ஓட்டியவள் என்று அவளைப் பற்றி ஒரு கதை உண்டு. இப்போது அவள் அவிழ்ந்த முந்தானையை எடுத்துச் செருகிக்கொண்டாள், அவ்வளவுதான்.

மாதேஷ் கையை எடுத்துவிட்டான். “இது தெரியாதுக்கா. சத்தியமா எனக்குத் தெரியாது.”

வாசலிலிருந்து கோதண்டம் தலையை நீட்டினார். அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது.

“ரெஜினா, இப்பவாவது புரியுதா? மேட்டுப் பதிவுல உன் பையன் காணாமப்போனவன். அதனாலதான் ட்ரோன் தேடிக்கிட்டு இருக்கு. இந்தப் பொட்டியில அவன் செத்தவன். செத்தவன எவனும் தேட மாட்டான். இவளுங்க பேச்சக் கேட்டு நகல் எடுத்தா, உன் பையன உன் கையாலயே புதைக்கிறேன்னு அர்த்தம். பாத்துக்க.”

“சார், நீங்க பேசக் கூடாது” என்றான் மாதேஷ்.

“நெசந்தானே சார்? நீங்களே சொல்லுங்க, நெசந்தானே?”

எல்லோரும் மாதேஷைப் பார்த்தார்கள். அவன் மெல்லத் தலையசைத்தான்.

“அந்த ஒரு வரிய மட்டும் வுட்டுட்டு மத்தத எடுக்க முடியாதா?” என்று கேட்டாள் தையல்நாயகி.

“முடியாதுக்கா. வரிசையா வந்தது வரிசையாத்தான் போகும். ஒண்ணை உருவினா எல்லாமே பொய்யின்னு ஆயிரும். எடுத்தா எல்லாம். இல்லன்னா ஒண்ணுமில்ல.”

சற்றுமுன் தையல்நாயகி எவ்வளவு எளிதாகச் சொன்னாள், பதிவு போனவர்கள் மறுபடி போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று. அப்படிப் பதிவு போகிறவர்களில் ஒருவன் இப்போது ரெஜினாவின் மகனாக இருந்தான். வேலைக்கு வந்த புதிதில் தன் எரியும் விரல்களுக்கு வேப்பெண்ணெய் தடவிவிட்டவள் இந்த ரெஜினா. மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். யார் கண்ணும் அவளைச் சந்திக்கவில்லை.

“வேணாம் ரெஜினாக்கா” என்றாள். “வுட்டுடலாம். தம்பி அழிச்சிட்டுப் போவட்டும். நம்ம வேற எதாவது வழி பாத்துக்கலாம்.”

“என்னா வழி?” என்றாள் ரெஜினா.

“எதாவது.”

“என்னாடி எதாவது? எதாவதுன்னா இந்தக் கொட்டகதான். எம்மவன் பேரச் சொல்லிக்கிட்டு நீங்கல்லாம் இஞ்ச குந்தி உரிக்கணுமா? நாளைக்கு இவ புள்ள, நாளன்னிக்கு அவ புள்ளன்னு, அதுங்களும் வந்து உரிக்கணுமா?”

“இல்லக்கா, தேடறாங்கல்ல…”

“எது தேடுது?” ரெஜினா கையை மேலே காட்டினாள். “அந்தப் பறக்கற சனியனா? அதுக்கு எம்மவன் மொகம் தெரியுமா? அலையாத்தியில எந்த வாய்க்கா எங்க திரும்புது, எங்க இடுப்பு வரைக்கும் சேறு, எந்தத் தில்லமரத்துல புடிச்சு ஏறலாம், அதுக்குத் தெரியுமா? நண்டு புடிக்க அவன நாந்தான்டி அங்க கூட்டிக்கிட்டுப் போயிருக்கேன். எனக்குத் தெரியும்.” அவள் குரல் உடையவில்லை. உரக்கத்தான் இருந்தது. “அவன் உசுரோட இருந்தாலும் நான் போவணும். இல்லன்னாலும் நான்தான் போவணும். இந்தக் கதவு தெறக்கற வரைக்கும் எவன் செத்தவன் எவன் இருக்கறவன்னு எந்தப் பொட்டி சொன்னா எனக்கென்னா?”

“ரெஜினா, யோசிச்சுப் பேசு” என்றார் கோதண்டம்.

“நீ பேசாத. நீ டீயக் குடி.” அவள் மாதேஷ் பக்கம் திரும்பினாள். “தம்பி, நகல் எடு.”

மாதேஷ் எழுந்தான். கொண்டுவந்த பெட்டியைத் திறந்து, முத்திரையைச் சரிபார்த்து, ஈரம்பட்ட பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டைக் கம்பியை மாட்டினான்.

“இது மெயின். இது ஸ்டாண்ட்பை” என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான். “நேத்து வரைக்கும் கேட்டு எழுதறதுதான் என் வேலை. அதையேதான் இப்பவும் பண்றேன்.”

“உனக்கு எதாவது ஆயிடுமா தம்பி?” என்று கேட்டாள் தையல்நாயகி.

“அதைக் கேக்காதீங்கக்கா.”

“வேல போச்சுன்னா இஞ்ச வந்துரு” என்றாள் வேம்பு. “உரிக்கச் சொல்லித்தர மாட்டோம். திங்கச் சொல்லித்தர்றோம்.”

அவன் உண்மையிலேயே நகல் எடுக்கிறான் என்று கோதண்டத்துக்கு உறைக்க அவ்வளவு நேரம் ஆயிற்று. “என்ன சார் பண்றீங்க? உங்கள அனுப்புனது இதுக்கா?” என்று கத்தினார். பிறகு ஜெனரேட்டர் அறைப் பக்கம் திரும்பி, “நிறுத்துடா! நிறுத்துடா அதை!” என்றார்.

“நல்லா நிறுத்துங்க சார்” என்றாள் தையல்நாயகி. வாசலில் இருந்த பெண்கள் இப்போதுதான் எழுந்து நின்றார்கள். நெருக்கமாக நின்றார்கள். “பக்கத்து ரூமுச் சரக்கு நாறட்டும். இந்தப் பொட்டி சேத்துக்குள்ளயே தானா மினுக்கிக்கிட்டுக் கெடந்துச்சு. இதுக்கு உங்க ஜெனரேட்டரு ஒண்ணும் பெரிசு இல்ல. உங்க இறாலுக்குத்தான்.”

அவர் ஜெனரேட்டரைப் பார்த்தார், சரக்கு அறையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். போனை எடுத்து மேட்டுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. அங்கே திரை முன்னால் உட்கார வேண்டியவன் இங்கே மறுபடி மீன் கூடைமேல் உட்கார்ந்திருந்தான்.

வரிகள் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போயின. தையல்நாயகி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது, அவ்வளவுதான். தன் பெயர் எப்போது கடந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் புதுப்பெட்டியின் விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி ஒரே சீராக எரிந்தது. பழைய பெட்டியின் விளக்கும் அப்படியே எரிந்தது.

“ரெண்டும் ஒண்ணு சொல்லுது” என்றான் மாதேஷ். கூரைத் தட்டிலிருந்து வந்த கம்பியை எடுத்தான். ரெஜினாவைப் பார்த்தான். அவள் தலையசைத்த பிறகு அதைப் பெட்டியில் செருகினான். “இனிமே ஊருக்கெல்லாம் தெரிஞ்சுரும்.”

கொட்டகையில் யாரும் கூச்சல் போடவில்லை. தாங்கள் ஆரவாரம் செய்வோம் என்றுதான் தையல்நாயகி நினைத்திருந்தாள். ஆனால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். காயல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த இரைச்சல் ஒரு கணம் ஒரே இடத்தில் நின்றது. பிறகு மெல்ல உயர்ந்து, மேற்கே நகர்ந்து, தேய்ந்தது. அலையாத்திக் காட்டின் மேல் இருந்த ட்ரோன் திரும்பிப் போய்விட்டது. அதற்கப்புறம் கேட்டதெல்லாம் ஜெனரேட்டர் சத்தம்தான்.

யாரும் ரெஜினாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தையல்நாயகி பார்த்தாள். எதையோ சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். மன்னிப்பா, நன்றியா, உடன் வருகிறேன் என்பதா, எது என்று தெரியாமல் நின்றாள்.

ரெஜினா ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கி, சேற்றில் இறங்குகிறவள்போல இறுக்கிச் செருகினாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். கோதண்டம் விலகவில்லை, அவள் தோள் இடித்ததில் தானாகவே ஓரமானார்.

“ஏய் ரெஜினா! எங்க போற? இன்னும் எங்களுக்கு ஆர்டர் வரல. ஏய், உன்னத்தான்!”

கப்பல் மாலுமியைத் திட்டிய வாய் அது. அவருக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று வேம்பு ஆவலாகக் காத்திருந்தாள். ரெஜினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டை கட்டிய கையைத் தூக்கிக் காட்டவும் இல்லை; கையை வீசியபடி நேரே நடந்தாள். கதவு அவளைப் பார்த்தது, கேட்டது, திறந்தது. அவள் வெளியே போய், ரோட்டுப் பக்கம் திரும்பாமல், காயலை நோக்கி இறங்கினாள். முழங்கால்வரை சேறு, பிறகு இடுப்புவரை தண்ணீர். அலையாத்திக் கிளைகளை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள்.